காட்டின் கணக்கை யார் பார்க்கிறார்கள்? சூழல் மண்டலம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலுக்கு நடுவில் செயின்ட் மாத்யூ என்று ஒரு தீவு இருக்கிறது. ஊர் கிடையாது, நிலையாகக் குடியிருப்பவர்களும் கிடையாது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே ஒரு சிறு முகாம் போட்டது. சரக்குக் கப்பல் வராமல் போனால் ஆட்களுக்கு உணவாகட்டும் என்று 29 துருவ மான்களையும் கொண்டுபோய் விட்டார்கள். போர் முடிந்ததும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மான்கள் தங்கிவிட்டன.

துரத்த ஓநாய் இல்லை, சுட ஆள் இல்லை. தரையெங்கும் மெத்தை போல லைக்கன் படர்ந்து கிடந்தது. பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர் அது. குளிர்காலத்தில் துருவ மான்களுக்கு அதுதான் முக்கிய உணவு. டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் 1957-ல் போய்ப் பார்த்தபோது மான்கள் சுமார் 1,350. 1963-ல் மறுபடி போனபோது 6,000. 1966-ல் மூன்றாம் முறையாகக் கால் வைத்தபோது தீவு முழுக்க எலும்புகள் கிடந்தன. உயிரோடு மிஞ்சியவை 42. அதில் ஒன்றே ஒன்றுதான் ஆண், அதுவும் இனப்பெருக்கம் செய்யும் நிலையில் இல்லை. 1980-களுக்குள் அந்த மந்தையும் அற்றுப்போனது.

இடையில் வந்த ஒரு கடுமையான குளிர்காலம்தான் அவற்றைக் கொன்றது என்பது உண்மை. ஆனால் குளிர்காலம் அந்தத் தீவுக்குப் புதிதில்லை. 1963-லேயே மான்கள் மெலியத் தொடங்கியிருந்தன, லைக்கன் மேய்ந்து தீர்ந்திருந்தது. ஏற்கனவே ஒட்டிய வயிற்றோடு நின்றவற்றைத்தான் அந்தக் குளிர் சாய்த்தது.

சூழல் மண்டலம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தத் தீவைத்தான் முதலில் சொல்வேன். மற்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஏதோ ஒன்று இங்கே நடக்கவில்லை. அது என்ன என்று தேடிப் போனால் பாடம் முழுவதும் வந்துவிடும்.

உயிரும் உயிரற்றதும் சேர்ந்த ஒன்று

ஓரிடத்தில் வாழும் எல்லா உயிர்களும், அவை வாழும் மண், நீர், காற்று, வெயில், வெப்பம் ஆகியவையும் ஒன்றோடொன்று கொடுத்து வாங்கி வாழும் அமைப்புதான் சூழல் மண்டலம். ஆங்கிலத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935-ல் இந்தச் சொல்லை அச்சுக்குக் கொண்டுவந்தார். உயிரினங்களைத் தனியாகவும் அவற்றின் சூழலைத் தனியாகவும் பிரித்துவைத்தால் எதுவும் விளங்காது என்பது அவருடைய வாதம்.

அளவு முக்கியமில்லை. ஒரு பெருங்காடும் சூழல் மண்டலம்தான், மரப்பொந்தில் தேங்கிய மழைநீரும் சூழல் மண்டலம்தான். எல்லைக் கோடு நம் வசதிக்காகப் போட்டுக்கொள்வது. காற்றுக்கும் பறவைக்கும் அந்தக் கோடு தெரியாது. சஹாராவில் எழும் தூசு அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காட்டில் படிந்து, அங்குள்ள மரங்களுக்குப் பாஸ்பரஸ் கொடுக்கிறது.

ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலைப் பிடித்து உணவாக்குபவை பாசியும் நீர்ச்செடிகளும், இவை உற்பத்தியாளர்கள். அவற்றைத் தின்னும் நத்தையும் நீர்ப்பூச்சியும், அவற்றைத் தின்னும் மீனும், மீனைக் கொத்தும் கொக்கும் நுகர்வோர். செத்ததையும் கழிவையும் சிதைத்து மறுபடி உப்புகளாக மாற்றும் பாக்டீரியாவும் பூஞ்சையும் சிதைப்போர். பள்ளிப் புத்தகம் இதை ஒரு சங்கிலியாக வரையும். உண்மையில் அது வலை. ஒரே மீன் பாசியும் தின்னும், புழுவும் தின்னும், தன் இனத்துக் குஞ்சையும் தின்னும். இழைகள் பலவாக இருப்பது பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஆற்றல் போகும், பொருள் திரும்பும்

இந்த வலைக்குள் இரண்டு விஷயங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன: ஆற்றலும் பொருளும். இரண்டும் ஓடும் விதம் வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆற்றல் ஒருவழிப் பாதையில் போகிறது. சூரியனிலிருந்து வருகிறது, செடி பிடிக்கிறது, விலங்கு தின்கிறது, கடைசியில் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. திரும்பி வராது. செடியின் மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் உணவாகச் சேமிக்கப்படுகிறது. அடுத்தடுத்த படிகளில் இன்னும் கொட்டிப்போகிறது. தின்றதில் பெரும்பகுதியை மூச்சுக்கும் ஓட்டத்துக்கும் உடல் சூட்டுக்கும் செலவழித்துவிட்டுத்தான் மீதியை ஒரு விலங்கு தன் சதையாக்குகிறது. தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்கு ஏறும் என்பார்கள். சராசரிதான் இது, இடத்துக்கு இடம் மாறும். ரேமண்ட் லிண்டிமன் என்ற இளைஞர் மின்னசோட்டாவின் ஒரு சிறு ஏரியை ஆண்டுக்கணக்கில் அளந்து, உயிர்களை ஆற்றல் கணக்காகப் பார்க்கும் முறையைத் தொடங்கிவைத்தார். 27 வயதை எட்டும் முன்பே இறந்துபோனார். அவர் பெயரை நிலைநிறுத்திய கட்டுரை, அவர் இறந்த சில மாதங்களுக்குப் பிறகு 1942-ல் வெளியானது.

இந்தப் பத்தில் ஒன்று கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10,000 கிலோ புல் 1,000 கிலோ வெட்டுக்கிளியாகும். அது 100 கிலோ தவளை, 10 கிலோ பாம்பு, கடைசியில் ஒரு கிலோ பருந்து. காட்டில் மான் ஏன் நிறைய, புலி ஏன் கொஞ்சம் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. புலியைத் தின்று வாழும் ஒரு விலங்கு ஏன் இல்லை என்பதற்கும்தான். அதற்குப் போதுமான ஆற்றல் அந்த உயரத்தில் மிஞ்சுவதில்லை.

பொருள் அப்படிப் போவதில்லை. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்றவை திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான், ஆனால் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணிலும் நீரிலும் வாழும் சில பாக்டீரியாக்கள்தான் அதைப் பிடித்துச் செடிக்கு உகந்த வடிவில் மாற்றுகின்றன. பயறு வகைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அந்தப் பாக்டீரியாக்களின் குடியிருப்பு அது.

எனக்கு இந்த வலையிலேயே மிகவும் பிடித்தவை சிதைப்போர்தான். படங்களில் புலிக்கும் யானைக்கும் இடம் கிடைக்கிறது, இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஒரு தேக்கரண்டி வளமான மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம். அவை வேலையை நிறுத்தினால் உதிர்ந்த இலை இலையாகவே கிடக்கும், செத்த உடல் செத்த உடலாகவே கிடக்கும். செடிக்கு வேண்டிய உப்புகளெல்லாம் அந்தக் குவியலுக்குள் அடைபட்டுப்போகும். வெயில் தாராளமாக அடிக்கும், மழை பெய்யும், ஆனாலும் புதிதாக எதுவும் முளைக்க வழியிருக்காது.

எது குறைவாக இருக்கிறதோ அதுதான் வளர்ச்சிக்கு அளவு வைக்கிறது. இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்துகாட்டியவர் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆய்வாளர். கனடாவின் ஒன்டாரியோவில் உடுக்கை போல நடுவில் குறுகிய ஒரு சிறு ஏரி. அதன் எண் 226. 1973-ல் அதன் இடுப்பில் ஒரு தடுப்புத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. மற்றப் பக்கம் தெளிவாகவே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படத்துக்குப் பிறகு, ஏரிகள் பாசி பிடிப்பதற்கும் சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட்டுக்கும் தொடர்பில்லை என்று வாதாடுவது கடினமாகிவிட்டது.

சமநிலை என்ற சொல்லில் ஒரு சிக்கல்

சமநிலை என்றதும் நமக்குத் தராசு கண்முன் வருகிறது. இரண்டு தட்டும் நேராகி, அசைவு நின்ற நொடி. இயற்கையில் அப்படி ஒரு நொடி வருவதே இல்லை. கயிற்றின் மேல் நடப்பவரை நினைப்பது பொருத்தமாக இருக்கும். அவர் ஒவ்வொரு கணமும் கொஞ்சம் சாய்கிறார், கொஞ்சம் திருத்திக்கொள்கிறார். திருத்துவதை நிறுத்தினால் விழுந்துவிடுவார்.

அந்தத் திருத்தத்துக்குப் பெயர் எதிர்மறைப் பின்னூட்டம். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஒன்று கூடினால் அந்தக் கூடுதலே அதைக் குறைக்கும் வேலையைத் தொடங்கும், குறைந்தால் அந்தக் குறைவே அதை ஏற்றிவிடும், அவ்வளவுதான். முயல் பெருகினால் நரிக்கு உணவு பெருகும். நரிக்குட்டிகள் அதிகம் பிழைக்கும், முயல் குறையும். முயல் குறைந்தால் நரி பட்டினி கிடக்கும், முயல் மறுபடி தலையெடுக்கும். கொல்லும் விலங்கு மட்டும்தான் கடிவாளம் என்றில்லை. கூட்டம் நெருக்கமானால் நோய் எளிதில் பரவும், கூடு கட்ட இடம் கிடைக்காது, புல் தீரும், மெலிந்த தாய்க்குக் குட்டி குறையும். ஓரிடத்தின் உணவும் இடமும் எவ்வளவு உயிர்களை நீண்ட நாள் தாங்குமோ அதற்குத் தாங்கு திறன் என்று பெயர்.

இதில் யாரும் யாருக்காகவும் தியாகம் செய்வதில்லை. 'இயற்கைக்கு எல்லாம் தெரியும்' என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான். ஓநாய் மான் இனத்தைக் காப்பாற்றுவதற்காக வேட்டையாடவில்லை, அதற்குப் பசி. மான் புல்லுக்கு இரக்கம் காட்டி மேய்வதை நிறுத்துவதில்லை. மேலே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் ஒருவருமில்லை. ஒவ்வொன்றும் தன் வயிற்றைப் பார்க்கிறது. அந்த வயிறுகள் ஒன்றையொன்று தடுத்துக்கொள்வதால்தான் கணக்கு ஓரளவு நேராகிறது.

கடிவாளம் இருந்தும் அது பிந்தி இழுபட்டால் ஏற்ற இறக்கம் பெரிதாகும். கனடாவின் பனி முயலும் அதை வேட்டையாடும் லிங்ஸ் என்ற காட்டுப்பூனையும் சுமார் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சரிகின்றன. ஹட்சன்ஸ் பே கம்பெனி வாங்கிய தோல்களின் பழைய கணக்கேடுகளில் அந்த அலை அப்படியே தெரிகிறது. முயல் குறைந்த பிறகுதான் லிங்ஸ் குறையத் தொடங்கும். அந்த இடைவெளிதான் அலையை உண்டாக்குகிறது.

செயின்ட் மாத்யூவின் கதை இப்போது புரியும். அங்கே ஓநாய் என்ற விரைவான கடிவாளம் இல்லை. மிச்சமிருந்த ஒரே கடிவாளம் பசி. அந்த லைக்கனோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பல பத்தாண்டுகள் சேர்ந்த சேமிப்பைத் தின்றுகொண்டிருந்தவரை மான்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. தெரிந்தபோது 6,000 வாய்கள் இருந்தன.

எல்லா இழையும் ஒரே கனம் இல்லை

வலையில் ஓர் இழை அறுந்தால் என்ன ஆகும்? எந்த இழை என்பதைப் பொறுத்தது. இதைச் சோதித்துப் பார்த்தவர் ராபர்ட் பெயின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர். 1963-ல் வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில், அலை அடிக்கும் பாறைகளில் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டார். அங்கே ஒட்டியிருந்த ஒரு வகை நட்சத்திர மீன்களைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துக் கடலுக்குள் வீசினார். பக்கத்துப் பகுதியைத் தொடாமல் விட்டார். மறுபடி மறுபடி வந்து இதையே செய்தார். நட்சத்திர மீன் அங்கே மட்டிகளைத் தின்னும். தின்ன ஆளில்லாமல் போனதும் மட்டிகள் பாறை முழுவதும் நெருக்கியடித்துப் படர்ந்து, மற்றவற்றை இடமில்லாமல் வெளியேற்றிவிட்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின.

கொல்லும் உயிரை நீக்கினால் மற்றவை செழிக்கும் என்றுதான் முதலில் தோன்றும். நடந்தது தலைகீழ். நட்சத்திர மீன் பலசாலியை அடக்கிவைத்ததால்தான் எளியவற்றுக்கு இடம் கிடைத்திருந்தது. எண்ணிக்கையில் சிறிதாக இருந்தும் மொத்த அமைப்பையே தாங்கி நிற்கும் இத்தகைய உயிரினத்துக்கு, கல் வளைவின் உச்சியில் பூட்டப்படும் நடுக்கல்லின் பெயரை 1969-ல் பெயின் வைத்தார். அந்தக் கல்லை உருவினால் வளைவு சரியும். தமிழில் ஆதார இனம் என்று சொல்லலாம்.

கடல் நீர்நாய் இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. அது ஒரு நாளில் தன் எடையில் கால் பங்கு வரை தின்னும். விரும்பித் தின்பவற்றில் ஒன்று உடம்பெல்லாம் முள்ளான கடல் அர்ச்சின். தோலுக்காக நீர்நாய்களை வேட்டையாடித் தீர்த்த கரைகளில் அர்ச்சின்கள் பெருகி, கெல்ப் என்ற நெடிய கடற்பாசிக் காடுகளை அடியோடு அரித்துவிட்டன. அந்தக் காட்டில் ஒளிந்து வளர்ந்த மீன்குஞ்சுகளுக்கும் இடம் போயிற்று. 1911-ல் நாடுகள் கூடி வேட்டையைத் தடுத்த பிறகு நீர்நாய்கள் திரும்பிய இடங்களில் கெல்ப் காடும் திரும்பியது.

ஆதார இனம் அல்லாதவற்றில், ஒரே வேலையைப் பலர் செய்யும் இடத்தில் ஒருவர் போனால் இன்னொருவர் ஈடுகட்டுவார். பத்து வகைத் தேனீக்கள் மகரந்தம் சுமக்கும் புல்வெளியில் ஒரு வகை நோயில் விழுந்தாலும் விதை பிடிக்கும். பல்லுயிர் பெருக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். ஈடுகட்ட ஆளில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதைத் தெற்காசியாவின் பாறு கழுகுகள் காட்டின. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டின் உடலோடு கழுகுகளின் வயிற்றுக்குப் போய்ச் சிறுநீரகத்தை அழித்தது. மூன்று இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. காரணம் 2004-ல் தெரியவந்தது; 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தன. ஒரு பிணத்தை மிக விரைவில் எலும்பாக்கும் அந்த வேலையை அதே வேகத்திலும் சுத்தத்திலும் செய்ய வேறு பறவையோ விலங்கோ வரவில்லை. அழுகும் இறைச்சி தெருநாய்களுக்குப் போனது.

தாங்கும் வரை தாங்கும்

இடையூறே இல்லாமல் இருந்தால்தான் சமநிலை என்பதும் சரியில்லை. செக்வோயா என்ற மாபெரும் மரத்தின் கூம்புக்காய்கள் தீயின் சூட்டில் உலர்ந்து விரிந்து விதையைக் கொட்டும். சாம்பல் படிந்த வெறும் மண்ணில்தான் நாற்று நன்றாகப் பிடிக்கும். சிறு தீயையெல்லாம் ஒரு நூற்றாண்டு அணைத்துக்கொண்டே வந்ததில் சருகும் அடர்புதரும் குவிந்து, பெருந்தீக்கு விறகாகிவிட்டன.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆழமில்லாத ஏரிகள் இதைத் தெளிவாகக் காட்டும். நீருக்கடியில் செடிகள் இருந்தால் அவை சேற்றைப் பிடித்துவைக்கும். நீர் தெளிவாக இருக்கும். தெளிவாக இருப்பதால் வெயில் அடிவரை இறங்கி செடிகளும் வாழும். கொஞ்சம் கொஞ்சமாக உரச்சத்து கலந்தாலும் வெகுநாள் ஏரி பழையபடியே இருக்கும். பிறகு ஒரு கோடையில் பாசி மேலோங்கும், வெளிச்சம் மறையும், செடிகள் அழுகும், சேறு கலங்கும், கலங்கலால் மறுபடி செடி முளைக்க முடியாது. இப்போது உரத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தாலும் ஏரி தெளியாது. அதைவிட வெகுவாகக் குறைத்தால்தான் திரும்பும். வெளியே மாற்றம் தெரியாத அந்த நீண்ட காலம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. தாங்கும் சக்தி தீர்ந்துகொண்டிருப்பதை ஏரியின் முகம் காட்டுவதில்லை.

இன்னொரு தீவு

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்று ஒரு தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் என்ற பெரிய மான்கள் அங்கே வந்து சேர்ந்தன. 1940-களின் இறுதியில் ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில் ஓநாய்கள் பனிமேல் நடந்து வந்தன. 1958 முதல் ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுதோறும் இரண்டையும் எண்ணி வருகிறார்கள். வேட்டையாடும் விலங்கையும் இரையையும் இவ்வளவு காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வு உலகில் வேறில்லை.

சில ஆண்டுகள் பார்த்தால் இரண்டு எண்ணும் ஓரிடத்தில் நிலைகொள்ளும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நிலைகொள்ளவே இல்லை. 1980-ல் 50 ஓநாய்கள் இருந்தன. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் தீவுக்குள் நுழைந்ததில் இரண்டே ஆண்டுகளில் 14 ஆயின. கடிவாளம் தளர்ந்ததும் மூஸ் பெருகி 2,400-ஐத் தொட்டன. 1996-ன் கொடுங்குளிர், உணவுப் பஞ்சம், உண்ணிகள் மூன்றும் சேர்ந்து தாக்க, அடுத்த ஆண்டு எஞ்சியவை 500. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ந்து ஓநாய்கள் நலிந்து, கடைசியில் இரண்டே இரண்டு மிஞ்சின. மூஸ் மறுபடி 2,000-ஐத் தாண்டின. அவை விரும்பித் தின்னும் ஃபிர் மரக்கன்றுகள் தலைதூக்க முடியவில்லை.

தலையிடலாமா, கூடாதா என்று நீண்ட விவாதம் நடந்தது. 2018, 2019-ல் வெளியிலிருந்து ஓநாய்களைப் பிடித்துவந்து விட்டார்கள். அவை குட்டி போட்டன, எண்ணிக்கை முப்பதை எட்டியது. மூஸ் ஆயிரத்துக்குக் கீழே இறங்கின.

செயின்ட் மாத்யூவில் ஒரே ஏற்றம், ஒரே வீழ்ச்சி, அதோடு முடிந்தது. ஐல் ராயலில் எண்கள் ஏறி இறங்கினாலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மானும் மரமும் ஓநாயும் சேர்ந்தே இருக்கின்றன. முதல் ஓநாய்களைக் கொண்டுவந்த பனிப்பாலம் அந்நாளில் பெரும்பாலான குளிர்காலங்களில் உருவாகும். இப்போது அது அரிதாகிவிட்டது. அதனால்தான் இந்த முறை ஓநாய்கள் நடந்து வரவில்லை, விமானத்தில் வந்தன.